கொடிக்கு நேரே அடித்தவர்

எங்கள் ஆட்களிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் "பாப்பம்." கலியாணத்துக்கு வருவீர்களா? பாப்பம். கர்க்லாண்டில் வீடு பார்த்தீர்களே, வாங்கப் போகிறீர்களா? பாப்பம். மொன்றியலில் பிறந்து, பிரெஞ்சில் படித்து, ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிற நான்கூட, வரப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறந்தநாள் விழாவுக்கும் பாப்பம் என்றுதான் சொல்லுவேன். அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டேயிராத ஒரேயொரு தமிழர் அவர். ஓம் என்றால் ஓம். இல்லை என்றால் இல்லை. லிஃப்ட் திருத்துகிற வேலை. ஊர் திருகோணமலை. ஒரு வருடத்துக்கு மேலாக என்னுடன் சோடி சேர்ந்து போனில் கோல்ஃப் விளையாடி, என் பொறுமையில் மிச்சம் ஒன்றும் வைக்காமல் தின்று தீர்த்தவர்.

இப்போது அவர் வேலை மாறி ஒட்டாவாவில். விளையாட்டைப் போனிலிருந்து அழித்துவிட்டாராம். எனக்கு அதுவே இன்னும் ஆறவில்லை.

முதல் சந்திப்பே ஒரு வாக்குவாதம். நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் இருக்கிற பழைய செங்கல் கட்டடத்தின் லிஃப்டுக்கு, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்று யோசிக்கிற பழக்கம் உண்டு. அன்று உள்ளே நான். அவசர மணியை அடித்தேன், அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன், நிலத்தில் குந்தி விளையாட்டைத் திறந்தேன். வெளியே அம்மாவின் குரல்: "பிள்ளை, மூச்சு விடேலுமோ?" அம்மாவுக்கு லிஃப்ட் நின்றால் காற்றும் நின்றுவிடும். ஒருபாடு நேரம் கழித்துக் கதவு இழுபட்டது. என் தலைக்கு மேலே, பனியும் உப்பும் படிந்த இரண்டு வேலைச் சப்பாத்துகள். பிறகு ஒரு முகம் குனிந்தது. என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த போனைப் பார்த்தது.

"கொடிக்கு நேர வை பிள்ளை. ஏன் தள்ளி வைச்சிருக்கிறாய்?"

"முதல் என்னை வெளியிலை எடுங்கோ அண்ணை. பேந்து சொல்லுறன்."

எடுத்தார். எடுத்த கையோடு சொல்லு என்றார்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். திரையில் ஒரு பச்சைப் புல்வெளி. தூரத்தில் ஒரு குழி, குழியில் ஒரு கொடி. குழியைச் சுற்றிக் கம்பளம்போல ஒட்ட வெட்டிய புல். அதை க்ரீன் என்போம். பந்து எங்கே விழவேண்டுமோ அங்கே ஒரு வளையத்தை விரலால் நகர்த்தி வைக்கவேண்டும். பிறகு ஒரு ஊசி ஓடும். அது நடுக்கோட்டைத் தொடுகிற கணத்தில் திரையைத் தட்டவேண்டும். இவ்வளவும் சின்னப்பிள்ளைக்கும் வரும். ஆனால் க்ரீனுக்குக் கிட்ட வந்ததும் வெட்ஜ் என்கிற குறுந்தூர மட்டையை எடுக்கவேண்டும். அங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது. திரையின் மூலையில் பந்தின் படம் ஒன்று, அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியைக் கீழே இழுத்தால் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே பறக்கும். விழுந்து ஒருமுறை துள்ளும். அடுத்த துள்ளலில் பிரேக் பிடிக்கும். பிறகு எதையோ மறந்துவிட்டு வந்தவர்போல வந்த வழியே திரும்பி உருளும். புள்ளி எவ்வளவு கீழேயோ அவ்வளவு தூரம் திரும்பி வரும். க்ரீன் எங்கள் பக்கமாகச் சரிந்திருந்தால் இன்னும் கூட. அதனால் விளையாடத் தெரிந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். புள்ளியை அளவோடு இழுப்பார்கள். இல்லாவிட்டால் வளையத்தைக் கொடிக்கு அப்பால் வைத்து, பந்து தாண்டிப் போய் விழுந்து கொடியை நோக்கித் திரும்பி வர விடுவார்கள்.

அண்ணை இரண்டும் செய்யமாட்டார். வளையம் கொடியின் உச்சியில். புள்ளி அடிமட்டத்தில். எந்தக் குழியானாலும், எந்தச் சரிவானாலும், முன்னால் தண்ணீர் பளபளத்துக்கொண்டு கிடந்தாலும்.

"பந்து ஓடக்கூடாது. விழுந்த இடத்தில நிக்க வேணும்," என்பார்.

"நிக்கேல்லையே அண்ணை. திரும்பியெல்லோ வருது."

"அது பந்தின்ட பிழை."

இதில் என்னை விசராக்கியது எது தெரியுமா? அவர் மோசமான விளையாட்டுக்காரர் இல்லை. ஊசி நடுக்கோட்டைத் தொடும் கணத்தை அவர் விரல் தவறவிட்டு நான் பார்த்ததேயில்லை. எங்கள் குழுவில் ரொறொன்ரோ, லண்டன், சூரிச் என்று எல்லா இடத்திலும் தமிழர் இருந்தார்கள். ஒருவருக்கும் அந்த விரல் இல்லை. ஆனால் இந்த விளையாட்டில் அடி எவ்வளவு சுத்தமோ சுழற்சி அவ்வளவு கூடும். அதாவது அவர் எவ்வளவு நன்றாக அடித்தாரோ அவ்வளவு மோசமாகப் பந்து திரும்பி வந்தது. கொடியை உரசிக்கொண்டு விழும். நான் மூச்சைப் பிடிப்பேன். பிறகு அது மெல்லப் பின்வாங்கி, க்ரீனின் விளிம்புக்கு வந்து, ஒரு கணம் நின்று என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கும். சத்தமும் உண்டு. 'ப்ளுக்.' பரீட்சை மண்டபத்திலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது.

அவர் விரலும் என் கணக்கும் சேர்ந்தால் எங்களை வெல்ல ஆளில்லை என்று நினைத்து, அவரைக் குழுவில் சேர்த்துச் சோடியாக எடுத்தது நான்தான். இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். சுழற்சி, உராய்வு, சரிவு எல்லாம் என் பாடம். அவர் எங்கள் கட்டடத்துக்குப் பராமரிப்புக்கு வருகிற நாட்களில் மதிய இடைவேளையில் கீழே காத்திருப்பேன். ஒருநாள் அவர் வேலைக்கு ஓட்டி வருகிற வானின் முன்கண்ணாடியில் படிந்திருந்த மூச்சுப்புகையில் விரலால் படம் கீறினேன். பந்து, கொடி, சரிவு, அம்புக்குறிகள். கொடியைத் தாண்டி விழுந்தால் எப்படித் திரும்பி வந்து குழிக்குப் பக்கத்தில் நிற்கும் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். இடையில் ஒரு கேள்விகூடக் கேட்டார். நான் உருகிப்போனேன்.

"வடிவாக் கீறியிருக்கிறாய்," என்றார். பிறகு கையுறையால் கண்ணாடியைத் துடைத்தார். "ஆனா தாண்டிப் போட்டுத் திரும்பி வாற லிஃப்டுக்குப் பேர் பழுதான லிஃப்ட். கதவு திறக்கிறதுக்கு முதல் ஒருக்கா மேல போய், பிறகு கீழ இறங்கி நிக்கும். கிழவிகள் பயப்பிடுவினம். முறைப்பாடு வரும். நான் அதைத் திருத்தித்தான் சாப்பிடுறன். நீ அதையே என்னைச் செய் எண்டுறாய்."

"அண்ணை, இது லிஃப்ட் இல்லை. பந்து."

"நிக்க வேண்டிய இடத்தில நிக்க வேணும். அதில லிஃப்ட் என்ன, பந்து என்ன."

என்னை இறக்கிவிட்டு வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பனிக்குள் நின்றேன்.

அவர் பேச்சும் அப்படித்தான். அம்மா ஒருநாள் அவருக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்தா. ஒன்றைச் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்து, "ரோல்ஸ் நல்லம் அக்கா. உப்புக் கூட," என்றார். அம்மாவின் ரோல்ஸைப் பற்றி இந்த நகரத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் இறங்கிப் போனதும் அம்மா என்னிடம் திரும்பினா: "ஆரும் கேட்டவையே இவரை?" ஆனால் அடுத்த முறை அவர் வருகிறார் என்று தெரிந்ததும் காலையிலிருந்து உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, அவர் கடிக்கும்போது குசினி வாசலில் பெறுபேறு பார்க்க நிற்கிற மாணவிபோல நின்றா. "இண்டைக்குச் சரி," என்றார். அன்று முழுக்க அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தா. எனக்கு அது இன்னும் எரிச்சல். இருபது வருடம் நல்லாயிருக்கு என்று நான் சொன்னதுக்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை.

எங்கள் சோடி இரண்டாம் பிரிவில் சிக்கிக்கிடந்தது. மேலே முதலாம் பிரிவு. ஒவ்வொரு பருவமும் வாசல்வரை போவோம். கடைசிக் குழியில் ப்ளுக். குழுவின் தலைவி ஸ்காபரோவில் வங்கியில் வேலை செய்கிற ஓர் அக்கா. அவ ஒருநாள் எனக்குத் தனியாக எழுதினா: "தங்கச்சி, இந்த முறையும் மேலை போகாட்டில் உங்கட சோடியைப் பிரிச்சுப் போடுவன். அந்த அண்ணையை நான் கடைசிப் பிரிவுக்கு விடுறன். அங்கை தண்ணி குறைவு."

அதை அவரிடம் சொன்னபோது நான் உண்மையிலேயே கத்திவிட்டேன். கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தபால்பெட்டிகளுக்கு முன்னால். "உங்களாலைதான் அண்ணை. புள்ளியைக் கொஞ்சம் மேலை வைக்கிறதிலை என்ன குறைஞ்சுபோகும்? எனக்கு மேலை போகவேணும்."

"எனக்கும் போக வேணும்."

"உங்களுக்கு என்னத்துக்கு?"

"மேல தம்பி நிக்கிறான்."

அப்போதுதான் முழுக்கதையும் வந்தது. அவருடைய தம்பி பாரிஸில். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு முடிவெட்டும் கடை திறந்தார். திறப்பு நாளன்று விளக்கேற்றி, சனம் கூடி நிற்க, அண்ணனும் பார்க்கட்டும் என்று வீடியோவில் அழைத்து, போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக் கடையைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். கடை மேல்மாடியில். படிக்கட்டு. அண்ணன் பார்த்தார், சொன்னார்: "மேல்மாடி. லிஃப்ட் இல்லை. ஆர் ஏறி வருவினம்? இது ஓடாது." விளக்குத் திரி எரிந்துகொண்டிருக்கும்போதே. தம்பி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கடை ஒரு வருடத்துக்குள் பூட்டப்பட்டது. செய்தி கேட்டதும் அண்ணன் உடனே அழைத்தார், ஆறுதல் சொல்ல என்று அவர் நினைத்துக்கொண்டு. சொன்னது: "நான் அண்டைக்கே சொன்னனான்."

அதோடு சரி. தம்பி அழைப்பு எடுக்கமாட்டார். செய்திக்குப் பதில் இல்லை. தம்பி இந்த விளையாட்டில் இருக்கிறார் என்று உறவுக்காரப் பெடியன் ஒருவன் மூலம் அறிந்து, இவரும் சேர்ந்தார். தம்பி விளையாட்டில் வைத்திருந்த பெயரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டாராம். அவர்கள் வீட்டு நாயின் பெயர். நட்பழைப்பு அனுப்பினார். ஏற்கப்படவில்லை. மறுபடி அனுப்பினார், மறுபடி. ஆனால் தம்பியின் சோடி முதலாம் பிரிவில். அங்கே போனால் ஒருநாள் போட்டி அட்டவணை இருவரையும் எதிரெதிரே நிறுத்தியே தீரும். யாரும் ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் முடியாது.

"அப்ப புள்ளியை மேலை வையுங்கோ அண்ணை," என்றேன். "தம்பிக்காகவெண்டாலும்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஏலாது பிள்ளை. கை போகுதில்லை."

நான் குறுக்குவழி ஒன்று பிடித்தேன். சோடியாட்டத்தில் ஆளுக்கொரு அடி மாறிமாறி. நான் முதலடியை முழுப் பலத்தோடு அடித்தால் அடுத்தது வெட்ஜ். அது அவர் கைக்குப் போகும். நான் வேண்டுமென்றே குறைத்து அடித்தால் அவர் ஒரு நீள அடி அடிப்பார், வெட்ஜ் என்னிடம் வரும். ஓர் அடி நட்டம்தான். தண்ணீருக்குள் போவதைவிட மலிவு. ஒரு குழியில் செய்து பார்த்தேன். உடனே போன் அடித்தது.

"ஏன் குறைச்சு அடிச்சனீ?"

"கை வழுக்கிப் போச்சு அண்ணை."

"இல்லை. எனக்கு வெட்ஜ் வரக்கூடாதெண்டு அடிச்சனீ."

நான் திரையில் நின்ற பந்தைப் பார்த்தேன்.

"ஓம் எண்டு சொல்லன். குற்றம் இல்லை."

"ஓம்."

"சரி. இனிச் செய்யாத. இப்ப நான் அடிக்கிறன்."

கோபமே இல்லை. இப்படியான ஆட்களோடு அதுதான் பெரிய தொல்லை. அவர்கள் அந்த நிமிடத்திலேயே முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். நான்தான் அந்தக் கிழமை முழுக்க அதைச் சுமந்துகொண்டு விரிவுரைக்கும் ஆய்வுகூடத்துக்கும் மெற்றோவில் போய் வந்தேன்.

கடைசியில் நாங்கள் மேலே போனோம். எப்படி என்று கேளுங்கள். அவர் திருந்தி அல்ல. பருவத்தின் கடைசிப் போட்டி, ஒரு ஞாயிறு பின்னேரம். அவர் ரொக்ஸ்பரோவில் தன் வீட்டில், நான் பல்கலைக்கழக நூலகத்தில், காதில் போன். கடைசிக் குழியில் இரண்டு பக்கமும் சமநிலை. என் முதலடி நன்றாக விழுந்தது. வெட்ஜ் அவருக்கு. நான் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினேன்: "அண்ணை, இந்த க்ரீனைப் பாருங்கோ, இது..." அங்கேயே நிறுத்திவிட்டேன். இந்த க்ரீன் எங்கள் பக்கம் சரியவில்லை. அந்தப் பக்கம் சரிந்திருந்தது. சாதாரண அடி என்றால் கொடியைக் கடந்து ஓடி மணலுக்குள் விழும். அடிமட்டத்தில் புள்ளி, கொடிக்கு நேரே வளையம், ஊசி நடுக்கோட்டில்: இந்த ஒரு குழிக்கு மட்டும் அதுதான் சரியான அடி.

"உங்கட பாட்டிலை அடியுங்கோ அண்ணை."

"நான் எப்பவும் அப்பிடித்தானே."

பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது, துள்ளியது, ஆணி அடித்ததுபோல நின்றது. என் காதில் ஒரேயொரு சொல்: "பாத்தியா?"

நூலகத்தில் கத்த முடியாது. கத்தியிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? இந்த விளையாட்டு முழுவதிலும் உங்களுக்கென்று சரிந்த குழி இது ஒன்றுதான் அண்ணை என்றா? அந்த ஒரு பந்து அவரை அடுத்த பல மாதங்களுக்குத் திருத்த முடியாதவராக்கிவிட்டது.

முதலாம் பிரிவில் தம்பியின் பெயர் அட்டவணையில் எங்களுக்கு எதிரே வந்தபோது, போட்டிக்கு முன்தினம் அவருடைய வானுக்குள் உட்கார்ந்து பாடம் எடுத்தேன். கோல்ஃப் பாடம் இல்லை.

"விளையாட்டுக்குள்ளை ஆயத்தமா நாலைஞ்சு வசனம் இருக்கு. 'நல்ல அடி', 'நன்றி', சிரிக்கிற முகம். அதை மட்டும் அழுத்துங்கோ. சொந்தமா ஒண்டும் எழுதாதேங்கோ. அவர் திரும்பி ஏதும் அழுத்தினால் அது போதும். இந்த முறைக்கு அவ்வளவுதான். சரியோ?"

"ஓம்."

அவருடைய ஓம் என்றால் ஓம். நான் நம்பினேன்.

சனிக்கிழமை காலை எங்களுக்கு, அங்கே பின்னேரம். முதல் குழியில் தம்பி தூரத்திலிருந்தே பந்தை உருட்டிக் குழிக்குள் போட்டார். அண்ணை 'நல்ல அடி' அழுத்தினார். திரையில் ஒன்றும் வரவில்லை. வரவில்லை. பிறகு வந்தது: 'நன்றி.' இரண்டாம் குழியில் அண்ணையின் வெட்ஜ். கொடிக்கு நேரே போய் விழுந்து, பின்வாங்கிப் பின்வாங்கி, க்ரீனைவிட்டே இறங்கி, புல்லுக்குள் போய்ப் படுத்தது. நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அப்போது தம்பியின் பக்கத்திலிருந்து வந்தது, சிரிக்கிற முகம். ஒன்று இல்லை, வரிசையாக.

உடனே உரையாடல் பெட்டியில் அண்ணையின் எழுத்துகள் ஓடத் தொடங்கின. "அண்ணை, வேண்டாம்," என்று போனில் சொன்னேன். "அண்ணை, அண்ணை."

"தம்பி, அண்ணன்தான். கடை விசயத்தில நான் சொன்னது சரி. அதை விடு. எப்ப கதைக்கப் போறாய்?"

திரை அசையவில்லை. பிறகு எதிரணி வெளியேறிவிட்டது என்று வந்தது. வாணவேடிக்கை வெடித்தது. தங்க எழுத்தில் எங்களுக்கு வெற்றி. தலைவி அக்கா ஒரு நிமிடத்துக்குள் குழுவில் கைதட்டல் போட்டா. நான் அந்த வாணவேடிக்கையை நிறுத்த எந்தப் பொத்தான் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"எழுதமாட்டன் எண்டு ஓம் சொன்னனீங்களே," என்றேன்.

"எழுதாம இருக்கலாம் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான். அவன் சிரிச்சவன் பிள்ளை. பிறகு எப்பிடி எழுதாம இருக்கிறது?"

"'சொன்னது சரி' எண்டதையாவது விட்டிருக்கலாம்."

"சரியானதை எப்பிடி விடுறது?"

சில கிழமைகள் போயின. ஒருநாள் வகுப்புக்கு நடுவில் என் போனில் ஒரு நட்பழைப்பு. நாயின் பெயர். எனக்கு, அவருக்கு இல்லை. ஏற்றேன். ஒரு வரி வந்தது: "அண்ணை இன்னும் கொடிக்கு நேரதான் வைக்கிறவரோ?"

அன்று அவர் எங்கள் கட்டடத்தில்தான், லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து, மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் தலையை வெளியே எடுக்கவில்லை.

"என்னட்ட நேர கேக்கட்டும்."

எனக்கு அந்தப் பெட்டியை அவர் தலையோடு சேர்த்து மூடவேண்டும்போல இருந்தது. திருகாணி ஒன்றை முறுக்கினார். இன்னொன்றை முறுக்கினார்.

"வேற என்ன கேட்டவன்?"

"வேறை ஒண்டும் இல்லை."

"சுகமோ எண்டு?"

"நீங்களே நேரை கேளுங்கோவன் அண்ணை."

"நானோ? அவனெல்லோ விட்டிட்டுப் போனவன்."

அன்றிலிருந்து நான் தபால்காரி. பாரிஸிலிருந்து: அண்ணையின் முழங்கால் நோவு எப்பிடி? ரொக்ஸ்பரோவிலிருந்து: "இருக்கெண்டு சொல்லு. நான் சொன்னதெண்டு சொல்லாத." பாரிஸிலிருந்து: ஓம், அவர் சொல்லமாட்டார் எண்டு தெரியும். பிறகு இரண்டு பக்கமிருந்தும் மாறிமாறிக் கேள்விகள்: மொட்டையாகிவிட்டாரா, மகன் வளர்ந்துவிட்டானா, இப்போது எங்கே வேலை. இரண்டு வளர்ந்த ஆண்கள், எனக்குப் பரீட்சைக் காலம், நடுவில் என் ஒரேயொரு போன். நேரே கதையுங்கோ, நேரே கதையுங்கோ என்று இருவரிடமும் கெஞ்சினேன். உலகத்திலேயே நேராகக் கதைக்கிற மனிதர், தன் தம்பிக்கு மட்டும் மூன்றாம் ஆள் வழியாகக் கதைத்தார்.

பிறகு தம்பி எழுதினார்: "எங்கட கட்டடத்து லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலயும் ஒரு சாண் தாண்டிப் போய்த்தான் திரும்பி வந்து நிக்குது. கொம்பனிக்காரர் வந்து பாத்தும் சரிவரேல்லை. சும்மா சொன்னனான்."

நான் அதை அப்படியே அண்ணைக்குக் கடத்தினேன். உடனே அழைப்பு வந்தது. ஏறும்போதா, இறங்கும்போதா? ஆள் கூடினாலா, வெறுமையாகவுமா? கதவு திறக்கிறதுக்கு முதலா, பிறகா? அத்தனையையும் எழுதி அனுப்பினேன். பதில்: "எல்லா நேரமும்."

"எல்லா நேரமும் எண்டால் என்ன விளக்கம்?" அண்ணை கொதித்தார். "வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு."

"கமரா பழுதாம்."

"சரி, அங்க ஏறியிறங்கிற சனம் என்ன செய்யுது? ஒருத்தரும் முறைப்பாடு குடுக்கேல்லையோ?"

"பழகிப்போச்சாம்."

"பழகிறதோ," என்றார். அடுத்த நாட்களில் அவருடைய விரலே தடுமாறியது. ஊசி நடுக்கோட்டைத் தாண்டிப் போக அவர் தட்டுவதை முதன்முதலாகக் கண்டேன். முதலாம் பிரிவில் நாங்கள் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தோம். அடுத்த சனிக்கிழமை தோற்றால் மறுபடி கீழே. வெள்ளிக்கிழமை அதை நினைவூட்ட அழைத்தேன். பின்னால் ஒலிபெருக்கியில் பிரெஞ்சு அறிவிப்பு.

"எங்கை நிக்கிறியள் அண்ணை?"

"விமான நிலையத்தில. பாரிஸ் போறன். அந்த லிஃப்டைப் பாக்க வேணும்."

"நாளைக்கு மட்ச் அண்ணை."

"தெரியும். விளையாடமாட்டன்."

"அங்கை நீங்கள் லிஃப்டிலை கை வைக்கேலாது. அனுமதி இல்லை."

"கை வைக்கமாட்டன். பாக்கிறதுக்கு ஆரட்டை அனுமதி கேக்கிறது?"

சனிக்கிழமை நான் தனியே விளையாடினேன். சோடியில் ஒருவர் வராவிட்டால் அவருடைய அடிகளைக் கணினி அடிக்கும். கணினி புள்ளியை அளவோடு வைத்தது, வளையத்தைக் கொடிக்கு அப்பால் வைத்தது, எல்லாவற்றையும் நான் சொன்ன மாதிரியே செய்தது. ஆனால் அதற்கு விரல் இல்லை. தோற்றோம். தலைவி அக்கா ஒரு பெருமூச்சை எழுத்தில் அனுப்பினா.

அன்று பின்னேரம் எங்கள் லிஃப்டுக்காகக் கீழே காத்து நிற்கும்போது பாரிஸிலிருந்து அவருடைய செய்தி வந்தது.

"லிஃப்டில ஏறி இறங்கிப் பாத்தன். திரும்பத் திரும்பப் பாத்தன். தம்பியும் கூட நிண்டவன். எல்லா மாடியிலயும் சரியா நிக்குது. ஒரு நூல்கூடத் தாண்டேல்லை. ஒரு பிழையும் இல்லை."

அதைப் படித்தபிறகுதான், வளையத்தைக் கொடிக்கு அப்பால் வைத்து அண்ணனை வரவழைத்த அந்தத் தம்பி முதலாம் பிரிவில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. லிஃப்ட் வந்து, திறந்து, நான் ஏறாததால் மூடிக்கொண்டு மேலே போய்விட்டது.

எழுதினேன்: "பிழை இல்லையெண்டால் எப்ப வாறியள்? அடுத்த சனி கீழ்ப்பிரிவிலை முதல் மட்ச். தலைவி அக்கா கேக்கிறா. ஓமோ, இல்லையோ?"

எழுதுகிறார் என்று காட்டுகிற புள்ளிகள் தோன்றின. நின்றன. மறுபடி தோன்றின. இவ்வளவு நேரம் அவர் எதற்கும் எடுத்ததில்லை.

"பாப்பம்," என்று வந்தது.